சாட்சியத்தை மறைக்கலாமா?

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தை ஒட்டிய பகுதிக்குச் சென்றவர்கள் அறிவார்கள். செங்கம் சாலையின் இருமருங்கிலும் பல நாட்டு மக்களை அங்கே காணலாம். மலையைச் சுற்றி வருவோரும், ஆசிரமத்தைத் தேடி வருவோரும், அவர்களுக்கு அறை வாடகைக்கு விடுவோரும், பழமும் தேநீரும் விற்போரும் கலந்து வாழும் இடம் அது. நம் சமுதாயத்துக் குடும்பங்களும் அங்கே கடை வைத்துப் பிழைக்கின்றன. அப்பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில், சென்ற ஆண்டு சுதந்திர தினத்தன்று நடந்த நிகழ்ச்சிக்கு நாமும் அழைக்கப்பட்டிருந்தோம்.

கொடியேற்றம் முடிந்ததும் மாணவர்கள் குழுக் குழுவாக மேடையேறினார்கள். அடிமைப்பட்டு விடுதலை பெற்ற நாடுகளை, அந்நாட்டுப் பிள்ளைகளாகவே நின்று சபைக்கு அறிமுகம் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டை இரண்டு சிறுமிகள் எடுத்துக்கொண்டார்கள். தங்கக் கடற்கரை என்ற பெயரில் ஆங்கிலேயரிடம் அடிமைப்பட்டிருந்த நாடு அது. 1482இல் போர்த்துக்கீசியர் எல்மினாவில் கட்டிய கோட்டையைப் பற்றி ஒருத்தி சொன்னாள். தங்கத்துக்காகக் கட்டப்பட்ட அக்கோட்டை பின்னாளில் மனிதர்களை அடைத்துவைத்துக் கப்பலேற்றும் கிடங்காக மாறியதைச் சொன்னாள். அடுத்து, "எங்கள் மன்னர்களிலும் சிலர், போரில் பிடித்தவர்களை அந்தக் கோட்டைக்குக் கொண்டுவந்து விற்றார்கள்" என்றாள். மற்றவள் தொடர்ந்தாள். 1948 பிப்ரவரி 28ஆம் நாள், பர்மாப் போர்முனையில் ஆங்கிலேயருக்காகப் போரிட்டுத் திரும்பிய வீரர்கள் அக்ரா நகரில் மனுக் கொடுக்கச் சென்றபோது மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதையும், சிறையில் இருந்தபடியே 1951 தேர்தலில் வென்ற குவாமே நிக்ருமாவையும், 1957 மார்ச் 6ஆம் நாள் கிடைத்த விடுதலையையும் சொன்னாள். "விடுதலை வாங்கித் தந்த அவரே, எதிர்த்தவர்களை விசாரணையின்றிச் சிறையில் வைக்க 1958இல் சட்டம் செய்தார்" என்றும் கூசாமல் சொல்லி முடித்தாள். சபை அமைதியாகக் கேட்டது.

அவர்களுக்குப் பின், இந்திய நாட்டை அறிமுகம் செய்ய நம் மாணவன் ஒருவன் வந்தான். மாலையில் நம்மிடம் ஓத வருகின்ற பிள்ளை. அவனுடைய அத்தா எழுதிக் கொடுத்த தாளை மனனம் செய்து வந்திருந்தான். விடுதலைப் போரில் ஈடுபட்ட முஸ்லிம்களின் பெயர்களை மூச்சு விடாமல் ஒப்பித்தான். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஊர், ஒரு தியாகம், ஒரு தொகை. பெயர்கள் முடிந்தன, பேச்சும் முடிந்தது. கைதட்டல் எழுந்தது. நாமும் தட்டினோம்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும்போது, பணி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் அவன் தோளைத் தட்டி, "நன்றாகச் சொன்னாய் தம்பி. ஒன்று கேட்கிறேன். மாசி மகத்தன்று நம் அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போகிறாரே, அது யாருக்காக என்று தெரியுமா? வல்லாள மகாராஜா எப்படி இறந்தார் என்று யாராவது உனக்குச் சொல்லியிருக்கிறார்களா?" என்று கேட்டார். பிள்ளை நம் முகத்தைப் பார்த்து, "ஹஜ்ரத்?" என்றான். நமக்கு விடை தெரியும். ஆனால், "நேரமாகிவிட்டது, வா தம்பி" என்று சொல்லி அவன் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டோம்.

அந்த முதியவர் வம்புக்குக் கேட்டவராகத் தோன்றவில்லை. தம் ஊரின் கதையைப் பிள்ளை அறிந்திருக்கிறானா என்று கேட்டார், அவ்வளவுதான். வாயடைத்துப் போனது நம்முடைய குற்றம். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டே இதனை எழுதுகிறோம். அன்றிரவு நம்மை உறங்கவிடாத கேள்வி ஒன்றுதான். கானாவின் கதையை எடுத்துச் சொன்ன சிறுமி, தன் மன்னரின் தவற்றைத் தயங்காமல் சொன்னாள். நம் பிள்ளை ஏன் அப்படிச் சொல்ல முடியாதவனாக வளர்க்கப்பட்டிருக்கிறான்?

முதலில் அந்தப் பட்டியலைப் பார்ப்போம். அதிலுள்ள பெயர்கள் பொய்யல்ல. தியாகம் செய்தவர்களை நினைவுகூர்வது கடமை என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயின், அந்தப் பட்டியல் எதற்காகச் சொல்லப்படுகிறது? "நாங்களும் இந்நாட்டுக்கு உழைத்தவர்கள், எங்களைச் சந்தேகிக்காதீர்கள்" என்று மன்றாடுவதற்காகச் சொல்லப்படுகிறது. வேலைக்கு மனுப் போடுகிறவன் நன்னடத்தைச் சான்றிதழை இணைப்பது போல, நம் பிள்ளை தன் முன்னோரின் பெயர்களை இணைத்து நிற்கிறான். பிறந்த மண்ணில் நிற்பதற்கு மனு எதற்கு? மனுவின் இலக்கணம் என்ன? தனக்கு அனுகூலமானதை மட்டும் எழுதுவது. வரலாற்றின் இலக்கணமோ நடந்ததை நடந்தவாறே சொல்லுவது. இரண்டையும் ஒன்றாக்கிப் பிள்ளையின் நாவில் வைத்தோம். அவன் பேசியது முழுவதும் மனு. அதில் வரலாறு இல்லை.

ஓர் உதாரணம். அந்தப் பட்டியலில் தவறாமல் வரும் பெயர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் அவர்களுடையது. வ.உ.சிதம்பரனார் 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு இரண்டு லட்சம் ரூபாய்க்கு, அதாவது 8,000 பங்குகளை வாங்கியவர். நம் பிள்ளை பெயரையும் தொகையையும் சொன்னான். கம்பெனியின் மொத்த மூலதனமே பத்து லட்சம் ரூபாய் என்பதும், ஐந்தில் ஒரு பங்கை ஒரே மனிதர் ஏற்றார் என்பதும், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலக் கம்பெனியோடு போட்டியிட்டு அக்கப்பல்கள் ஓடின என்பதும், 1908இல் சிதம்பரனார் சிறை புகுந்த பின் கம்பெனி தளர்ந்து 1911இல் கலைக்கப்பட்டது என்பதும் அவனுக்குத் தெரியாது. ஒரு வணிகர் தம் செல்வத்தை எத்தகைய ஆபத்தில் இறக்கினார் என்பதே தெரியாதபோது, அவர் பெயரால் என்ன பெருமை? தொகை மட்டும் நின்றது, தியாகம் மறைந்தது.

இன்னொன்று, நம் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேலூர்க் கோட்டை. 1806 ஜூலை 10ஆம் நாள் அதிகாலையில் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய தலைப்பாகை, நெற்றிக்குறி அணியத் தடை, தாடி மழிக்க உத்தரவு ஆகியவை இந்துச் சிப்பாயையும் முஸ்லிம் சிப்பாயையும் ஒருங்கே புண்படுத்தின. திப்புவின் மக்கள் அக்கோட்டையில்தான் காவலில் இருந்தனர். இவ்வளவும் நம் மேடைகளில் முழங்கும். அன்று கொல்லப்பட்ட ஆங்கிலேயர்களில் மருத்துவமனையில் படுத்துக் கிடந்த நோயாளிகளும் உண்டு என்பதை மட்டும் நாம் சொல்லுவதில்லை. ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பி, அரண்மனைக்குள் அடைக்கலம் புகுந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட்டான் என்பதை உரக்கச் சொல்லுவோம். இரண்டையும் சொல்லுகிறவனின் பேச்சை எதிரியும் நம்புவான். ஒன்றை மட்டும் சொல்லுகிறவனை நண்பனும் அரைமனத்தோடுதான் கேட்பான்.

இனி அந்த முதியவரின் கேள்விக்கு வருவோம். அன்று சொல்லாத விடையை இன்று சொல்லுகிறோம்.

போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர், தம் பழைய தலைநகரான துவாரசமுத்திரம் தில்லிப் படையால் அழிவுற்ற பின், திருவண்ணாமலையைத் தம் இருப்பிடமாகக் கொண்டு ஆண்டவர். அருணாசலேசுவரர் கோயிலின் வல்லாள கோபுரம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே காலத்தில், தில்லியை விட்டு 1335இல் பிரிந்து மதுரையில் தனியரசு நடத்தியவர்கள் மாபார் சுல்தான்கள். இருவருக்கும் போர் மூண்டது. 1342ஆம் ஆண்டளவில், திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள கண்ணனூர்க் கொப்பத்தைச் சூழ்ந்து முற்றுகையிட்டிருந்த வல்லாளரின் பாசறையை, மதுரையின் சுல்தான் கியாதுத்தீன் தாமகானி திடீரெனத் தாக்கினார். எண்பது வயதைக் கடந்த முதியவரான மன்னர் உயிரோடு பிடிபட்டார். சுல்தான் அவருக்கு முதலில் மரியாதை செய்வது போல் காட்டி, அவருடைய பொருளையும் யானைகளையும் குதிரைகளையும் பெற்றுக்கொண்டார். பெற்ற பின் அவரைக் கொன்றார்; தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்.

இதனை எழுதி வைத்தவர் யார்? பகைவர் எவரும் புனைந்துரைத்ததாக நினைக்க வேண்டாம். எழுதியவர் உலகம் சுற்றிய இப்னு பதூதா. தில்லியிலும் மாலத்தீவிலும் காழியாக நீதி வழங்கிய ஆலிம். கியாதுத்தீனுக்குச் சகலை முறையானவர். சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்சனின் மகள்களில் ஒருவரை இவரும் மற்றொருவரை அவரும் மணந்திருந்தனர். அந்தச் சுல்தானின் விருந்தினராகவே 1344இல் மாபாருக்கு வந்தவர். மதிலில் தொங்கியதைத் தம் கண்ணால் கண்டதாகத் தம் பயண நூலில் அரபு மொழியில் எழுதுகிறார். அதோடு நில்லாமல், அதே சுல்தான் காட்டுவழிகளில் பிடித்த எளிய மக்களைப் பெண்டு பிள்ளைகளோடு கழுவேற்றியதைக் கண்டு, வேறெந்த அரசனிடமும் காணாத இழிசெயல் இது என்றும், இதன் பொருட்டே அல்லாஹ் அவருடைய மரணத்தை விரைவாக்கினான் என்றும் தீர்ப்புரைக்கிறார்.

கவனியுங்கள், உறவினர் உறவினருக்கு எதிராகச் சாட்சி சொல்லுகிறார். விருந்தினர் விருந்தளித்தவருக்கு எதிராகச் சொல்லுகிறார். முஸ்லிம் முஸ்லிமுக்கு எதிராகவும், முஸ்லிம் அல்லாத மன்னருக்கும் குடிகளுக்கும் இழைக்கப்பட்ட கொடுமையைக் குறித்துச் சொல்லுகிறார். உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருப்பினும் நீதியில் நிலைத்துச் சாட்சி சொல்லுங்கள் என்னும் கட்டளை திருக்குர்ஆனின் நிஸா அத்தியாயத்தில் 135ஆம் வசனமாக இருக்கிறது. அதனை நாம் மிம்பரில் ஓதுகிறோம். அதன்படி எழுதிய காழியின் சாட்சியத்தை ஏன் நம் பிள்ளைகளுக்கு மறைக்கிறோம்? அரபு மொழியில் கிடக்கும் அந்தச் சாட்சியத்தை நேரே படித்துச் சொல்லும் தகுதி இந்த ஊரில் நம்மைப் போன்ற மதரஸாக்காரர்களுக்கே உண்டு. அந்த நாமே வாய்மூடி இருந்தோம். படித்தவன் மறைக்கும் சாட்சியம் படியாதவனின் அறியாமையைவிடப் பெரிய பாவம் என்பது நாம் பிறருக்குச் சொல்லிவரும் பாடம்.

மார்க்கத் தீர்ப்பும் ஐயத்துக்கிடமின்றி இருக்கிறது. பகைவனின் உடலைச் சிதைப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். சிறைப்பட்டவனிடம் பொருளைப் பெற்றுக்கொண்டு அவனையே கொல்வது துரோகம். போரில் பங்கு பெறாத பெண்களையும் குழந்தைகளையும் கொல்வது ஹராம். எனவே கியாதுத்தீனின் செயலைக் கண்டிப்பது மார்க்கத்தைக் கைவிடுவதாகாது. மார்க்கத்தின் பக்கம் நிற்பதே அது.

இங்கே மறுப்புகள் எழும் என்பதை அறிவோம். "ஹஜ்ரத், காலம் கெட்டுக் கிடக்கிறது. நாமே இதை எடுத்துக் கொடுத்தால் நம்மை ஏசுகிறவர்களுக்கு ஆயுதமாகாதா?" என்று பெற்றோர் ஒருவர் நம்மிடம் கேட்டார். அவருடைய அச்சம் போலியல்ல. நாமும் அந்த அச்சத்தால்தான் அன்று வாய் திறக்கவில்லை. ஆனால் ஆயுதம் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. இப்னு பதூதாவின் நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுக் கடைகளில் கிடைக்கிறது. நம் பிள்ளை அதனை முதலில் நம் வாயால் கேட்காவிட்டால், தெருவில் வசைச்சொல்லாகக் கேட்பான். அப்போது அவனுக்கு இரண்டே வழிகள்தாம்: பொய் என்று மறுப்பது, அல்லது தலைகுனிந்து நகர்வது. வீட்டிலே கேட்டுத் தெரிந்த பிள்ளையோ, "ஆம், நடந்தது, கொடுமைதான். அதைக் கொடுமை என்று முதலில் எழுதியவரும் எங்கள் காழிதான்" என்று நிமிர்ந்து சொல்லுவான்.

முழு வரலாற்றையும் அறிந்த பிள்ளைக்கு இன்னொரு பலமும் உண்டு. ஏசுகிறவனின் பொய்யையும் அவனால் காட்ட முடியும். அந்தப் போரை மதப்போர் என்பவனுக்கு அதே இப்னு பதூதாவின் இன்னொரு செய்தி விடையாகும். வல்லாளரின் படையில் சுமார் 20,000 முஸ்லிம்கள் இருந்தனர் என்கிறார் அவர். ஓடிப்போன அடிமைகளும் குற்றவாளிகளும் என்று அவர்களை இகழ்ந்துரைத்தாலும், எண்ணிக்கையை மறைக்கவில்லை. ஆசிரமத்தின் வாசல் வழியே போகும் செங்கம் சாலையும் ஒரு விடை சொல்லும். 1767 செப்டம்பரில் முதலில் செங்கத்திலும் பின்னர் திருவண்ணாமலையிலும் கர்னல் ஸ்மித்தின் படையோடு ஹைதர் அலி போரிட்டார். ஹைதரோடு அன்று நின்றவர் ஹைதராபாத் நிஜாம். சில மாதங்களில், 1768 பிப்ரவரியில், கம்பெனியோடு உடன்படிக்கை செய்துகொண்டு விலகினார். ஆங்கிலேயர் பக்கம் நின்றவர் ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா. மூவரும் முஸ்லிம்கள். அந்த நவாபின் வாரிசுகளிடமிருந்தே 1801இல் கர்நாடக ஆட்சி முழுவதும் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. ஹைதரைப் பட்டியலில் எழுதுகிறவர், வாலாஜாவை எந்தத் தாளில் எழுதுவார்? அரசர்கள் மண்ணுக்காகவும் பொருளுக்காகவும் போரிட்டார்கள். இதனைப் பிள்ளை அறிந்துவிட்டால், எந்த மதத்தானும் அரசர் பெயரைச் சொல்லி அவனை அச்சுறுத்தவும் முடியாது, மயக்கவும் முடியாது.

"மதுரைச் சுல்தான்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள், கடல் வணிகத்தின் வழியே இஸ்லாம் பரவிய நம் தமிழ் முஸ்லிம்களுக்கு அவர்கள் யார்? அவர்கள் செய்ததற்கு நாம் ஏன் பதில் சொல்ல வேண்டும்?" என்பாரும் உண்டு. வரலாற்று முறையில் இது சரியே. அவர்கள் குற்றத்துக்கு நாம் பொறுப்பாளிகள் அல்லோம். ஒருவர் சுமையை மற்றவர் சுமப்பதில்லை என்பது நம் நம்பிக்கை. ஆனால் ஹைதரின் வீரத்தில் பங்கு கேட்கும்போது மட்டும் நாம் வமிசத்தைப் பார்ப்பதில்லையே! பெருமைக்கு உறவு கொண்டாடி, பழிக்கு உறவை முறிப்பது நேர்மையாகாது. நாம் கேட்பது மன்னிப்பு மனு எழுதுவதை அன்று. மனு எழுதும் வழக்கத்தையே விட வேண்டும் என்றுதான் கேட்கிறோம். நடந்ததைச் சொல்லுங்கள், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

அதே இப்னு பதூதா, மாபாரைக் கண்ட சில ஆண்டுகளுக்குப் பின் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் சென்றார். 1352, 1353ஆம் ஆண்டுகளில் மாலிப் பேரரசில் தங்கினார். அங்கே மக்களின் நீதியையும் வழிப்போக்கனுக்கு இருந்த பாதுகாப்பையும் மனமாரப் புகழ்ந்தார். மன்னர் சுலைமானின் கஞ்சத்தனத்தைக் கூசாமல் குறைகூறினார். குர்ஆனை மனனம் செய்யாத பிள்ளைகளுக்கு விலங்கு பூட்டி, மனனமான பின்பே அவிழ்க்கும் வழக்கத்தை அங்கே கண்டு மெச்சியும் இருக்கிறார். இந்த ஓரிடத்தில் நாம் அவரோடு உடன்படவில்லை. பிள்ளைகளின் காலில் விலங்கு போடும் ஆசிரியர் இன்று இல்லை. ஆனால் மனனத் தாளால் நாவில் விலங்கு போடும் பெற்றோர் இருக்கிறோம்.

அந்த மாலியின் பெயரையே, 1960 செப்டம்பர் 22ஆம் நாள் விடுதலை அறிவித்த நாடு தனக்குச் சூட்டிக்கொண்டது. கானாவும் பழைய பேரரசு ஒன்றின் பெயரையே ஏற்றது. முன்னோர் பெருமை அவர்களுக்கும் வேண்டியிருந்தது. ஆயினும், அதே மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பெனின் நாட்டின் அதிபர் மாத்தியூ கெரெக்கு, 1999இல் அமெரிக்காவுக்குச் சென்று, அடிமை வணிகத்தில் ஆப்பிரிக்கர்களுக்கு இருந்த பங்குக்காக அங்குள்ள கறுப்பின மக்களிடம் மன்னிப்புக் கோரினார். ஐரோப்பியர் இழைத்த கொடுமை அதனால் ஓர் அணுவளவும் குறையவில்லை. தன் பங்கை ஒப்புக்கொண்டவன் எதிரியின் பங்கைச் சொல்லும்போது அச்சொல்லுக்கு எடை கூடுகிறது.

ஆகவே நம் குடும்பத்தாருக்குச் சொல்லுகிறோம். அடுத்த சுதந்திர தினத்துக்குப் பெயர்த் தாளை எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு பெயரை எடுத்து, அந்த மனிதர் என்ன செய்தார், ஏன் செய்தார், எதை இழந்தார், எங்கே தவறினார் என்று பிள்ளையைத் தேடிப் படிக்கச் செய்யுங்கள். வேலூர்க் கோட்டைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரு தரப்பின் கதையையும் அங்கே நின்று சொல்லுங்கள். மதரஸா நடத்தும் உலமாப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இலக்கணம் கற்பிக்க எத்தனையோ அரபுப் பகுதிகளை எடுத்துக்கொள்கிறோம், இப்னு பதூதாவின் மாபார்ப் பகுதியையும் பாடமாக வையுங்கள். மொழியும் வளரும், சாட்சி சொல்லும் துணிவும் வளரும்.

இவ்வாண்டு நம் வகுப்பில் அந்தப் பகுதியை வாசித்தோம். மதிலைப் பற்றிய வரி வந்தபோது பிள்ளைகள் திடுக்கிட்டார்கள். மேடையில் பட்டியல் ஒப்பித்த அதே மாணவன், "இதற்காகத்தானா ஹஜ்ரத், அன்று அந்தத் தாத்தா கேட்டார்?" என்றான். "ஆம்" என்றோம். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில், பிள்ளையில்லாத அந்த மன்னருக்கு அண்ணாமலையார் மகனாக நின்று திதி கொடுப்பதாக இவ்வூரார் கொள்ளும் நம்பிக்கையையும் சொன்னோம். அது நம் மார்க்கத்தின் நம்பிக்கை அன்று. ஆனாலும், கொடுமையாகக் கொல்லப்பட்ட ஒரு மனிதருக்காக ஓர் ஊர் ஆண்டுதோறும் துக்கம் காக்கிறது என்பதை, அதே ஊரில் வாழும் நம் பிள்ளை அறியாமலிருப்பது அழகல்ல.

"அந்தத் தாத்தாவிடம் போய்ச் சொல்லட்டுமா?" என்று கேட்டான். "நாமும் வருகிறோம்" என்றோம். கடன் நம்முடையது, பிள்ளையைத் தனியே அனுப்பித் தீர்க்கலாகாது.

நீதியோடு சாட்சி சொல்லும் நாவை அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.